பெயர் ஒட்டாத பாத்திரம்

பாத்திரத்தின் அடியில் பெயர் இல்லை.

செல்மர் ப்ராட்டன் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

ம்ஹூம். ஒன்றும் இல்லை.

வெளியே வட டகோட்டாவின் பிப்ரவரி, கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. உள்ளே, எழுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் சமையலறைத் தொட்டி முன்னால், கையில் ஒரு நீளமான கண்ணாடிப் பாத்திரத்தோடு, கொலைக்கருவியைக் கண்டெடுத்த போலீஸ்காரர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

மற்ற ஊர்களில் எப்படியோ. சியோன் லூத்தரன் சபையில் பெயரில்லாத பாத்திரம் என்று ஒன்று கிடையாது. விருந்தோ, சாவோ, சூப் இரவோ, எதற்குச் சர்ச்சுக்கு வந்தாலும் பாத்திரத்தின் அடியில் ஒரு துண்டு டேப், டேப்பில் பேனாவால் பெயர். சாப்பிட்டு முடித்தவர் கழுவி, பெயரைப் பார்த்து, உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காலியாகக் கொடுக்கக் கூடாது. உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாத சட்டத்துக்குத்தான் அந்த ஊர் அதிகம் பயப்படும்.

மனைவி லவான் போனது டிசம்பரில்.

வாசலில் பனியைத் தள்ளிவிட்டு உள்ளே வந்த செல்மர், பூட்ஸைக் கழற்றியபடி வழக்கம்போல "காபி" என்று குரல் கொடுத்தார். பதில் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அவ்வளவுதான். மாரடைப்பு என்றார்கள்.

அன்றைக்கே பாத்திரங்கள் வர ஆரம்பித்தன. கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் காளான் சூப்பும் கலந்து அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ்கள். நூடுல்ஸ் போட்டது, அரிசி போட்டது, மேலே சிப்ஸ் நொறுக்கிப் போட்டது. ஆறுதல் சொல்ல வார்த்தை தேடுவதைவிட உருளைக்கிழங்கு உரிப்பது அந்த ஜனங்களுக்குச் சுலபம். செல்மர் எல்லாவற்றையும் வாங்கிப் பின்கட்டு ஃப்ரீசரில் திணித்தார். பிறகு தினமும் ஒன்றை எடுத்துச் சூடாக்கி, தொட்டி பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டார். எல்லாம் ஒரே ருசியாக இருந்தன. அதாவது ருசியே இல்லை.

கழுவினார். ஏரியில் பிடித்து வைத்திருந்த மீன்களைப் போட்டு, பெயர் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். ஜனவரி முழுக்க அதுதான் வேலை.

கடைசியாக ஃப்ரீசரில் இருந்து வந்தது இது.

'நம் வீட்டுப் பாத்திரமாக இருக்குமோ?'

ஒரு கணம் தோன்றியது. மேல் அலமாரியைத் திறந்தார். நான்கு பாத்திரங்கள். நான்கையும் கவிழ்த்தார். நான்கிலும் சாய்ந்த எழுத்தில் 'லவான் ப்ராட்டன்'. இருக்காதா பின்னே? சபைச் சமையலறைக்கு இருபது வருஷம் தலைவி அவள். டேப் ஒட்டாமல் பாத்திரம் கொண்டு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டவள். கரண்டிக்குப் பெயர் ஒட்டினாள். பனி அள்ளும் மண்வெட்டிக்குக்கூட ஒட்டினாள். பெயரில்லாத ஒன்று அவளுடையதாக இருக்க வாய்ப்பே இல்லை.

அந்த எழுத்தை ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை. அலமாரியைப் படக்கென்று மூடினார்.

ஆக, இது வேறு யாருடையதோ. யாருடையது?

கண்டுபிடித்தே ஆக வேண்டும். மாதக் கடைசியில் அரிசோனாவில் இருந்து மகள் ஜோலீன் வருகிறாள். வீட்டைப் பூட்டி, அப்பாவை அள்ளிக்கொண்டு போகப் போகிறாள். நிரந்தரமாக. கேட்டவர்களிடம் எல்லாம் "குளிர் தாங்கல" என்று சொல்லி வைத்திருந்தார் செல்மர். மைனஸ் நாற்பது டிகிரியில் குல்லா இல்லாமல் நின்று பேசுகிற மனிதர்!

போகலாம். ஆனால் அடுத்தவர் பாத்திரத்தை வைத்துக்கொண்டு போக முடியாது. அது திருட்டு.

முதல் சந்தேகம், ஆர்டிஸ்.

மீன் தீர்ந்துவிட்டிருந்தது. பாத்திரத்தில் போட்டுக் கொடுக்க ஏதாவது வேண்டுமே? வாழ்க்கையில் முதல்முறையாக கேக் செய்தார். வெளியே எடுத்தபோது அது கேக்காக இல்லை, தார் ரோட்டின் ஒரு பகுதியாக இருந்தது. அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, பெட்ரோல் பங்கில் டோனட் வாங்கி அடுக்கிக்கொண்டு போனார்.

"உள்ள வா செல்மர். கதவைச் சாத்து, என்ன, பனியை வீட்டுக்குள்ள பயிர் பண்ணப் போறியா?"

ஆர்டிஸ், சின்ன வயதில் சர்ச் ஞாயிறு பள்ளியில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பெண்மணி. அந்த உரிமை.

"காபி?"

"வேண்டாம்."

"அரைக் கப்?"

"குடிச்சுட்டுத்தான் வந்தேன்."

"ஊத்திட்டேன்."

"சரி, இவ்வளவு சொல்ற..."

இரண்டு முறை மறுத்து மூன்றாவது முறை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் தடவையே சரி என்பவன் பேராசைக்காரன். மூன்றாவதையும் மறுப்பவன் கத்தோலிக்கன்.

பாத்திரத்தை மேஜைமேல் வைத்தார். "இது உன்னோடதா பாரு. பேரு இல்ல."

ஆர்டிஸ் டோனட்டுகளைத் தட்டில் மாற்றிவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்தார். அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார்.

"இதுல என்ன இருந்துச்சு?"

"உருளைக்கிழங்கு. பால் ஊத்தி, அடுக்கடுக்கா, நடுவுல ஹாம் துண்டு. யாரு பண்ணின புண்ணியமோ, உப்பு போடவே மறந்துட்டாங்க."

"சாப்பிட்டியா?"

"பாதி. முடியல. மீதியைப் பின்னால பறவைக்குக் கொட்டிட்டேன். அதுங்களே கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் தின்னுச்சுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். டிசம்பருக்குப் பிறகு அவர் அடித்த முதல் ஜோக் அது. ஆர்டிஸ் சிரிக்கவில்லை. எழுந்து தொட்டிக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த ஒரு கப்பை எடுத்து மறுபடி கழுவினார்.

"உன்னோடதா ஆர்டிஸ்?"

"இல்ல."

"யாரோடதுன்னு தெரியுமா?"

தண்ணீர் சத்தம்.

"கிளாரிஸைக் கேட்டுப் பாரேன்" என்றார் ஆர்டிஸ், திரும்பாமலே.

போகும்போது பாத்திரம் கைக்கு வந்தது. உள்ளே சுடச்சுட காட்டரிசி ஹாட்டிஷ்.

"ஐயோ, எதுக்கு? நான் திருப்பிக் கொடுக்கத்தான..."

"காலியா எப்படிப்பா அனுப்புறது?"

ஆக, அதைச் சாப்பிட்டு, கழுவி, மறுபடி நிரப்பிக்கொண்டு அடுத்த சந்தேக நபரிடம் போக வேண்டும். விசாரணை ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றது, கூடுதலாக ஒரு வேளைச் சாப்பாட்டோடு.

கிளாரிஸ் அகப்பட்டது சர்ச்சின் அடித்தளக் கூடத்தில். குளிர்காலம் முழுக்கப் பெண்கள் அங்கே கூடி, அகதி முகாம்களுக்கு அனுப்பப் போர்வை தைப்பார்கள். பெரிய மரச்சட்டத்தில் போர்வை விரித்திருக்க, சுற்றிலும் உட்கார்ந்து ஊசியும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும்.

செல்மர் படியிறங்கி வந்தார். இறுதிச் சடங்குக்குப் பிறகு இந்தக் கட்டடத்துக்குள் அவர் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. மூலையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை என்பதைப் பார்க்காதது போல நடந்துகொண்டார்.

"வாங்க வாங்க, அரிசோனாக்காரரே!" என்றார் கிளாரிஸ். "அங்க வெயில்ல காரு மேலயே முட்டை பொரியுமாமே?"

"நான் முட்டை பொரிக்கப் போகல."

"அப்போ உக்காந்து முடிச்சு போடுங்க. ஆம்பளைங்க சும்மா நின்னா கூடம் இருட்டா இருக்கு."

அரை மணி நேரம் நூல் முடிச்சு போட்ட பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்ல முடிந்தது. பாத்திரத்தை எடுத்துப் போர்வைமேல் வைத்தார்.

ஊசிகள் நின்றன. எல்லா ஊசிகளும்.

கிளாரிஸ் பாத்திரத்தை எடுத்துக் கவிழ்த்தார். மடியில் வைத்துக்கொண்டார். "நல்ல பாத்திரம்" என்றார்.

"உங்களோடதா?"

"நல்ல கனம்."

"கிளாரிஸ், உங்களோடதா, இல்லையா?"

"என்னோடதுன்னு சொல்ல எனக்கு ஆசைதான் செல்மர்."

இது என்ன பதில்? அடையாளம் சொன்னால் உதவும் என்று நினைத்து, உள்ளே இருந்த உருளைக்கிழங்கைப் பற்றிச் சொன்னார். உப்பில்லாததைச் சொன்னார். பறவைகளைப் பற்றியும் சொன்னார். ஜோக் இரண்டாவது முறையும் எடுபடவில்லை. எதிரே இருந்த ஒரு பெண்மணி மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து கழிப்பறைப் பக்கம் போனார்.

'குளிரில் எல்லாருக்கும் சளி' என்று நினைத்துக்கொண்டார் செல்மர்.

வீடு திரும்பியபோது பாத்திரத்தில் அவரைக்காய் ஹாட்டிஷ் இருந்தது. தனியாக ஒரு ஜாடியில் பீட்ரூட் ஊறுகாய், ஒரு டப்பாவில் சாக்லேட் சதுரங்கள், ஒரு சட்டியில் சூப். ஜாடி, டப்பா, சட்டி மூன்றின் அடியிலும் டேப், டேப்பில் பெயர்.

அன்று சாயங்காலம் ஜோலீன் போன் செய்தாள்.

"அப்பா, பாத்திரம் எல்லாம் கொடுத்து முடிச்சாச்சா?"

"ஒன்னு பாக்கி இருந்துச்சு."

"இப்போ?"

"நாலு பாக்கி."

"அப்பா!"

"நான் என்ன பண்றது? கொடுக்கப் போனா நிரப்பிக் கொடுக்கிறாங்க. ஃப்ரீசர் மறுபடி மூட மாட்டேங்குது."

"பிரஷர் மாத்திரை போடறீங்களா? உப்பைக் குறைக்கணும்னு டாக்டர் உங்ககிட்டயும் அம்மாகிட்டயும் அவ்வளவு சொல்லியும்..."

"இந்த ஊருல உப்பே கிடையாது. நீ வை."

போனை வைத்தார். வீடு சும்மா இருந்தது. அந்தச் சும்மாதான் தாங்கவில்லை.

அடுத்த முயற்சி, மேலிடம். பாஸ்டர் கெல்சி.

மூன்று சபைக்கு ஒரே பாஸ்டர். ஜோலீனைவிடச் சின்னவள். காரின் பின்சீட்டில் பூட்ஸும் அங்கியும் பாதி சாப்பிட்ட சாண்ட்விச்சுமாக ஒரு சர்ச்சில் இருந்து இன்னொன்றுக்குப் பனியில் சறுக்கிக்கொண்டே போகிறவள். நகரத்தில் இருந்து போன வருஷம்தான் வந்தவள் என்பதால், ஒரு பிரச்சினை இருந்தால் அதைச் சத்தமாகப் பேசித் தீர்க்கலாம் என்ற நம்பிக்கை அவளுக்கு இன்னும் மிச்சம் இருந்தது.

"இவ்வளவுதானே? புதன்கிழமை சூப் இரவுல கேட்டுடலாம். எல்லாரும் வருவாங்க."

எல்லாரும் வந்திருந்தார்கள். அதாவது முப்பது பேர். கூடத்தில் பட்டாணி சூப் வாசனை. ஜெபம் முடிந்ததும் பாஸ்டர் பாத்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"இது யாரோடதுங்க?"

கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் தங்கள் சூப்பில் எதையோ தேடினார்கள்.

ஆண்கள் பெண்களைப் பார்த்தார்கள். பெண்கள் பட்டாணியைப் பார்த்தார்கள். செல்மர் முகம் முகமாகப் பார்த்தார். இந்த முப்பது பேரில் ஒருவர் குற்றவாளி. யார்?

"வெக்கப்பட வேண்டாம்" என்றாள் பாஸ்டர் உற்சாகமாக. "உப்பு கம்மியா இருந்துச்சாம், அவ்வளவுதான்! அதுக்கெல்லாம் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள்.

ஆர்டிஸ் எழுந்தார். பாஸ்டரின் முழங்கையைப் பிடித்து, சமையலறைக்குள் அழைத்துப் போனார். கதவு மூடியது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தபோது பாஸ்டரின் கண்கள் சிவந்திருந்தன.

"என்னாச்சு பாஸ்டரம்மா?"

"வெங்காயம்."

சூப் முடிந்து ஆப்பிள் பை பரிமாறிக்கொண்டிருந்தார்கள். வெங்காயம் எங்கே வந்தது? கேட்பதற்குள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செல்மர், அந்தப் பாத்திரத்தை நீங்களே வச்சுக்கங்களேன். யாரும் கேக்க மாட்டாங்க."

"என்ன பாஸ்டரம்மா இது? திருடச் சொல்றீங்களா? ஏழாவது கட்டளை என்னாச்சு?"

"இது திருட்டு ஆகாது..."

"அடுத்தவங்க பொருளை வச்சுக்கிட்டா அதுக்கு வேற பேரு என்ன? எந்தக் காலேஜ்ல படிச்சீங்க நீங்க?"

இதற்கிடையே மேஜைமேல் காலிப் பாத்திரம் ஒன்று அநாதையாக இருப்பதைப் பொறுக்காத சபை, காணிக்கைத் தட்டில் போடுவதுபோல் ஆளுக்கொன்றாக அதில் போட ஆரம்பித்திருந்தது. ரொட்டி, ஊறுகாய், பை துண்டு, வேகவைத்த முட்டை. செல்மர் திரும்பிப் பார்த்தபோது பாத்திரம் நிறைந்திருந்தது.

இனி நேர்வழி உதவாது என்று முடிவு செய்தார்.

மறுநாள் மதியம் ஆளில்லாத நேரம் பார்த்துச் சர்ச் சமையலறைக்குள் நுழைந்தார். பெயருள்ள ஜாடி, டப்பா, சட்டிகளை மேடைமேல் வரிசையாக வைத்தார். கடைசியில், எதுவும் நடக்காதது போல, அந்தப் பாத்திரத்தையும் வைத்தார். விளக்கை அணைத்தார். கிட்டத்தட்ட ஓடினார்.

காலையில் கதவைத் திறந்தால் அது வாசல்படியில் இருந்தது. துண்டு போர்த்தி. உள்ளே சூடான பன்.

பனியில் டயர் தடம் தெரிந்தது. குனிந்து ஆராய்ந்தார். ஊரில் பாதிப் பேர் ஒரே கம்பெனி பிக்கப் வண்டிதான் வைத்திருக்கிறார்கள். தடயம் அங்கேயே செத்தது.

ஜோலீன் வர இன்னும் இரண்டே நாள். பாத்திரத்தை வண்டியில் போட்டுக்கொண்டு நேராக ஏரிக்குப் போனார்.

ஏரி உறைந்து, அதன்மேல் மீன்பிடிக்கிறவர்களின் சின்னச் சின்ன மரக்குடில்கள் முளைத்திருந்தன. கிளாரிஸின் கணவர் வெண்டலுடைய குடிலில் புகை வந்தது. வெண்டல் தூண்டிலைத் துளைக்குள் விட்டபடி, ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருந்தார். செல்மர் எதிரே இருந்த இன்னொரு வாளியில் உட்கார்ந்தார். நெடுநேரம் யாரும் பேசவில்லை. அந்த ஊரில் அதற்குப் பெயர் நட்பு.

பிறகு வெண்டல் வெளியே எதற்கோ போனார்.

அவர் திரும்பி வந்தபோது, செல்மர் பனிக்கட்டித் தரையில் மண்டியிட்டு, ஒரு நீளமான கண்ணாடிப் பாத்திரத்தை ஒரு சின்ன வட்டத் துளைக்குள் திணிக்க முயன்றுகொண்டிருந்தார். இப்படித் திருப்பினார். அப்படித் திருப்பினார். குறுக்காக வைத்து அழுத்தினார்.

"என்ன, மீனுக்குப் பந்தி பரிமாறுறீங்களா?"

செல்மர் நிமிர்ந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"துளையைக் கொஞ்சம் பெரிசா போடக் கூடாதாய்யா?"

"நான் பிடிக்கிறது மீனு. திமிங்கலம் இல்ல." வெண்டல் குனிந்து பாத்திரத்தை வாங்கி, ஒட்டியிருந்த பனியைத் தன் சட்டைக் கையால் துடைத்தார். ரொம்ப கவனமாக, மூலைமூலையாகத் துடைத்தார். "உடைச்சிடாதீங்க."

"யாரோடதுன்னே தெரியல. உடைஞ்சா என்ன?"

"அரிசோனாவுக்கு எடுத்துட்டுப் போயிடுங்களேன்."

"நீங்களுமா? ஊரே ஒரு பாத்திரத்துக்காக என்னைத் திருடனாக்கப் பாக்குது!"

வெண்டல் தூண்டிலை எடுத்துக்கொண்டு வாளியில் உட்கார்ந்தார்.

செல்மர் துளையில் இருந்த கறுப்புத் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்:

"குளிருக்காகப் போகல வெண்டல்."

"தெரியும்."

"காலைல எந்திரிச்சதும் 'காபி'ன்னு குரல் கொடுக்கிறேன். இன்னும் கொடுக்கிறேன். கொடுத்துட்டு நிக்கிறேன். அவ ஒட்டின பேருங்களைத் தவிர அந்த வீட்ல அவ இருந்ததுக்கு அடையாளம் ஒண்ணுமே இல்லை இப்போ. துணியெல்லாம் ஜோலீன் எடுத்துட்டுப் போய்க் கொடுத்துட்டா. அவ சமைக்கிறதை நான் என்னிக்குமே உள்ள போய்ப் பாத்ததில்ல. தட்டு வரும், சாப்பிடுவேன். கடைசியா என்ன சாப்பிட்டேன்னு யோசிச்சுப் பாக்கிறேன், ஞாபகமே வரல. கடைசியா அவ கையால என்ன சாப்பிட்டேன்னுகூடத் தெரியாத மனுஷன் நான்."

வெண்டலின் தூண்டில் நூல் ஒருமுறை நடுங்கியது. மீன் கடித்தது போலத்தான் இருந்தது. அவர் இழுக்கவில்லை.

"இன்னிக்கு மீனு சரியில்ல" என்றார் கடைசியில். எழுந்து வந்து, பிடித்து வைத்திருந்த மீன்கள் அத்தனையையும் பாத்திரத்தில் போட்டு செல்மர் மடியில் வைத்தார்.

மீனைச் சாப்பிட்டு, பாத்திரத்தை மறுபடி கழுவியபோது செல்மருக்கு ஒரு யோசனை வந்தது. ஏன் முன்பே வரவில்லை?

சபைக்குள் எங்கே வைத்தாலும் திரும்பி வருகிறது. சபைக்கு வெளியே வைத்தால்?

பக்கத்து டவுனில் கத்தோலிக்கப் பெண்கள் நடத்தும் பழைய சாமான் கடை இருந்தது. அங்கே தானமாகக் கொடுத்துவிட்டால் ஏழைகள் யாராவது வாங்கிக்கொள்வார்கள். திருட்டும் இல்லை, வைத்துக்கொண்டதும் இல்லை. மனச்சாட்சி கேட்டால் காட்ட ஒரு பதிலும் இருக்கும். நாளைக்கு ஜோலீன். நாளன்றைக்குக் கிளம்பிவிடலாம்.

கல்லாவில் ரோஸ்மேரி என்ற பெண்மணி உட்கார்ந்திருந்தார். பருமனான உடம்பு, பெரிய குரல், மனதில் பட்டதை உடனே வாயால் சொல்லிவிடும் பழக்கம். லூத்தரன் ஊரில் இருந்து வந்தவருக்கு அதுவே பாதி அதிர்ச்சி.

"அடடே, சியோன் சர்ச் ஆளு! லூத்தரன் எல்லாம் எங்க வாசப்படி ஏறுறீங்கன்னா அங்க ஏதோ கலகம்!"

"கலகம் எல்லாம் இல்ல. ஒரு பாத்திரம் தானம் பண்ணணும்."

"காபி சாப்பிடுறீங்களா?"

"வேண்டாம்."

"சரி" என்றார் ரோஸ்மேரி, அத்தோடு விட்டுவிட்டார். செல்மருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பாத்திரத்தைக் கல்லாமேல் வைத்தார். மனதுக்குள் எதுவோ இறங்கியது போல இருந்தது. பாரமா, வேறு ஏதாவதா, சொல்லத் தெரியவில்லை.

ரோஸ்மேரி அதைக் கவிழ்த்து நகத்தால் அடியைச் சுரண்டினார். நின்றார். மறுபடி சுரண்டினார்.

"என்ன பாக்குறீங்க?"

"பசை. இந்தக் கடையில என் பாதி வேலை டேப் பசை சுரண்டுறதுதான். லூத்தரனோ கத்தோலிக்கோ, வர்ற பாத்திரம் எல்லாத்துலயும் ஒட்டி ஒட்டிப் பிய்ச்ச தடம் இருக்கும். இதுல ஒரு பொட்டு இல்ல."

"அதான் தொந்தரவே. எவங்களோ பேரு ஒட்ட மறந்துட்டாங்க."

"ஒரு தடவை மறக்கலாம். இது ஒரு நாள்கூட ஒட்டினதே இல்ல." உள்பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டினார். "ஆனா கீறலைப் பாருங்க. வருஷக்கணக்கா தினமும் புழங்கின பாத்திரம். எங்க கிடைச்சுது?"

"எங்க வீட்டு ஃப்ரீசர்ல. என் வீட்டுக்காரி போனப்போ சபையில நிறைய கொண்டு வந்தாங்க. அதுல ஒன்னு."

"உங்க ஆளுங்ககிட்ட காட்டினீங்களா?"

"ஊரு பூரா காட்டியாச்சு. ஆர்டிஸ், கிளாரிஸ், பாஸ்டர், எல்லார்கிட்டயும். ஒருத்தரும் வாயைத் திறக்கல."

ரோஸ்மேரி சிரிக்க வாயெடுத்தார். செல்மரின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

இரண்டு கைகளாலும் பாத்திரத்தைப் பிடித்து, கல்லாவைத் தாண்டி மெதுவாக அவர் பக்கம் தள்ளினார்.

"வெளிய போற பாத்திரத்துக்குத்தாங்க பேரு ஒட்டுவோம். கட்டின புருஷனுக்கு மட்டும் சமைக்கிற பாத்திரத்துக்கு எந்தப் பொம்பளை பேரு ஒட்டுவா?"